முத்துப்பேச்சியின் கண் போகிற சுற்று

முத்துப்பேச்சி ஒரு துணியைக் கையில் எடுத்தால் அவள் கண் எந்த வழியில் போகும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். முதலில் கழுத்துப்பட்டி. அங்கிருந்து இடது தோள், இடது கை, கையின் மடிப்பு. அப்படியே பக்கத் தையல் வழியாக இறங்கி அடிமடிப்பு. அதை ஒட்டியே நடந்து வலது பக்கமாக ஏறி, வலது கை, வலது தோள், மறுபடியும் கழுத்து. பிறகு துணியைப் புரட்டிப் போட்டு உள்பக்கமும் அதே வழி. இதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் சுத்து. சுத்து முடியாமல் ஒரு பீஸ் அவள் மேசையைத் தாண்டாது. நடுவில் யாராவது கூப்பிட்டால் நிமிர மாட்டாள். "சுத்து முடியலக்கா" என்பாள், அவ்வளவுதான்.

நான் ரங்காத்தாள். நெருப்பெரிச்சலில் உள்ள எங்கள் பனியன் தைக்கிற யூனிட்டில் அவளுக்கு எதிர் மேசையில் பதினாறு வருசமாகப் பிசிறு வெட்டுகிறேன். தைத்து வந்த துணியில் தொங்கிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் வெட்டுவதுதான் அந்த வேலை. நான் வெட்டித் தள்ளுவது நேரே அவள் மேசைக்குப் போகும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தேஜஸ்ரீ எழுதுகிறாள். இதில் அவளுடைய அம்மாவும் வருவாள். அந்த இடம் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முத்துப்பேச்சிக்குக் கழுகுமலைப் பக்கம். சிறு பெண்ணாக இருந்தபோது தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். சட்டத்தில் வரிசை வரிசையாகக் குச்சியை நிறுத்தும்போது எங்கேயாவது ஒரு இடம் காலியாக இருந்தால் அது தன் கண்ணில் வந்து முட்டும் என்பாள். கல்யாணமாகி, புருசன் குருசாமியோடு இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு இந்த ஊரின் பேச்சே பிடிபடவில்லை. நாங்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவதைக் கேட்டு, எல்லோரும் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தாளாம். பிறகு குருசாமிதான், இவர்கள் ஆட்டுக்குட்டியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லித் தேற்றியிருக்கிறார். குருசாமி எங்கள் யூனிட்டில் அயர்ன் போட்டார். அவள் செக்கிங்கில் உட்கார்ந்தாள். ஐந்தாறு வருசத்தில் செக்கிங்குக்கே தலைவியாகி, பெட்டி மேல் குத்தும் பாஸ் சீல் அவள் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சீல் விழாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது.

துணி பார்த்துப் பார்த்தே ஆளையும் அவள் அப்படிப் பார்க்கப் பழகிவிட்டாள். எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் நல்ல மனுசன், ஒரு சொல் தடித்துப் பேச மாட்டார். ஆனால் யாராவது லீவு கேட்டுப் போனால், "வாங்க, பேசலாமுங்க" என்று தைக்காமல் குவிந்து கிடக்கும் துணிக்கட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போவார். போன ஆள் அந்தக் குவியலைப் பார்த்து மலைத்து நிற்கும்போது, "சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்பார். லீவு கேட்கப் போனவள் தன் வாயாலேயே, அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள். அவளிடமே கேட்டால், ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது.

இதை முதலில் கண்டுபிடித்தது முத்துப்பேச்சிதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னாள். "யக்கா, அவரு கேக்கதுல ஒரு தப்பும் இல்ல. கேக்குத நேரத்தைப் பாருங்க. கண்ணு ஒண்ணுல போயி நிக்கும்லா, அப்பந்தான் கேக்காரு. கண்ணு நிக்க இடத்துக்கே வாயும் போயிரும்."

நான் நம்பவில்லை. எதையும் முதல் தடவையில் நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் சும்மா இருக்காமல், அன்றைக்குச் சாயங்காலம் பேக்கரியில் என் எதிரிலேயே ஒரு பப்ஸையும் ஒரு தேங்காய் பன்னையும் வைத்தாள். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து, "எது வேணும்க்கா?" என்றாள். பன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பன் தொண்டையில் இறங்கவே இறங்காது. அவள் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அதனால் அவள் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். அந்த விசயத்தில் யார் யாருக்குப் பங்கு உண்டோ, அவர்கள் எல்லோர் மீதும் கண்ணை ஒரு சுற்று விட்டு, புறப்பட்ட இடத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். ஒருமுறை குடிதண்ணீர் கேன் காலியாகி, ஒடிசாப் பெண்கள்தான் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் பிடித்த சண்டையில் இவளைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்கள். நாங்கள் பத்துப் பேர் அவள் முகத்துக்கு எதிரே நின்று பேசினோம். அவள் கண் எங்கள் பத்துப் பேர் மேலும் நடந்து, கடைசியில் சுவரோரம் நின்ற ஒரு ஒடிசாப் பெண்ணிடம் போய், அங்கிருந்து கேன் மேல் போய், கேனுக்கு அடியில் போயிற்று. அடியில் தரையெல்லாம் ஈரம். கேனில் கீறல். அன்றைக்கு நாங்கள் வாயை மூடிக்கொண்டு அவரவர் மேசைக்குப் போனோம்.

இப்போது என் மருமகள் சித்ராதேவி வருகிறாள். எழுது கண்ணு.

சித்ராதேவி கைமடியாக வேலைக்குச் சேர்ந்தவள். டெய்லர் தைக்கும்போது பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் கைமடி. இவள் கை போகிற வேகத்தைப் பார்த்து, முதலாளியிடம் பேசி, இவளை ஓவர்லாக் மிஷினில் உட்கார வைத்தது முத்துப்பேச்சிதான். எங்கள் குடும்பத்தில் மிஷினில் உட்கார்ந்த முதல் பொம்பளை அவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தன் காலை நீட்டி, பெடலை மிதித்து மிதித்துக் கணுக்கால் வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். வலிக்கிறது என்று சொல்லி அவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால், ஆறு மாதக் குழந்தைகள் போடுகிற உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கையும் காலும் ஒன்றாகச் சேர்ந்தது, அடியில் பட்டன் வைத்தது. உள்ளங்கையை விரித்தால் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும், அவ்வளவு சிறிசு. குழந்தை உடுப்பு என்றால் ஊசிக்குக் கெடுபிடி அதிகம். தைக்கும்போது ஊசி முறிந்தால் முறிந்த துண்டு எல்லாவற்றையும் மெக்கானிக் தரணீதரனிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பர் எழுதிவிட்டுத்தான் புது ஊசி கொடுப்பார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷினில் தைத்த துணி முழுவதையும் நிறுத்தித் தேட வேண்டும். முறிந்த ஊசியை மறைத்தவர்கள் மறுநாள் வேலைக்கு வரக்கூடாது. இது எங்கள் யூனிட்டில் கேட்டில் நிற்கும் ஆளுக்குக்கூடத் தெரிந்த விதி.

சித்ராதேவிக்கு ஊசி முறிந்தது. முனை கிடைக்கவில்லை. மடியில் தேடினாள், தரையில் தேடினாள், கிடைக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு ஊசியை முறித்து, நிதானமில்லை என்று பேச்சு வாங்கியிருந்தாள். பயத்தில் ஒரு காரியம் செய்துவிட்டாள். அவளுடைய நூல் டப்பாவில் என்றைக்கோ முறிந்த ஒரு பழைய முனை கிடந்தது. அதை எடுத்துச் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். தரணீதரன் வேலை நெருக்கத்தில் பார்க்காமல் ஒட்டிவிட்டார். டீ குடிக்கிற நேரத்தில் அவள் என்னிடம் வந்து சொல்லி அழுதாள். யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்னவள் நான்தான். இதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதையே சொல்ல வேண்டியதில்லை.

வழக்கமாகப் பெட்டியில் போடும் முன் எல்லாத் துணியும் ஊசி கண்டுபிடிக்கிற மிஷின் வழியாகப் போகும். இரும்பு இருந்தால் அது கத்தும். அந்த வாரம் அதுவே படுத்துவிட்டது. சரிபார்க்கிற ஆள் கோயமுத்தூரிலிருந்து வர இரண்டு நாளாகும் என்றார்கள். ஊசி முறிந்த மறுநாள் காலையிலேயே தூத்துக்குடி போகிற லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது.

முதலாளி முத்துப்பேச்சியை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போனார். லாரி பின்கதவைத் திறந்து வைத்திருந்தது. நாற்பது பெட்டி வரிசையாக ஏறத் தயாராக நின்றது. டிரைவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண் லாரிக்குள் போன நேரத்தில், "சீல் குத்தீரலாமுங்களாக்கா?" என்றார் முதலாளி.

சுத்து முடியவில்லை என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே வந்தாள். மிஷின் ஓடாததால் ஊசி நோட்டையாவது பார்க்க வேண்டும் என்று தரணீதரனிடம் வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. எனக்கு அந்த நோட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நின்ற விரலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டியிருந்த ஊசியின் மேல்பாதி தடிப்பு, முனை மெலிசு. அண்ணன் சட்டைக்குக் கீழே தம்பி டவுசரைப் போட்டது போல இருந்ததாம், அப்புறம் சொன்னாள்.

அவள் நிமிர்ந்தாள். சித்ராதேவியின் மிஷின் சத்தம் நின்றுபோயிற்று.

இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். என் மேசையை விட்டு எழுந்து போய்ச் சித்ராதேவியின் பக்கத்தில், முத்துப்பேச்சியின் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டேன். கண் நிற்கிற இடத்துக்கு வாய் போகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தானே. பதினாலு வருசமாக ஒரே டப்பா மூடியில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட முகத்தை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். அவள் கண் என் மேல் வந்தது. வந்தது நகரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கை தானாகவே பாஸ் சீலை எடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அவள் பின்னாலேயே உள்ளே வந்த முதலாளியும் கேட்டார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது போல இருந்தது. பேசி வைக்கவில்லை, அது சத்தியம்.

"என்னங்கக்கா, குத்தீரலாமா?"

அவள் என்னிடமிருந்து கண்ணைப் பிய்த்து எடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சித்ராதேவியைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். வாசலில் லாரியை, டிரைவரை, பெட்டிகளைப் பார்த்தாள். எல்லோரையும் பார்த்தாகிவிட்டது, இனி என் பக்கம்தான் திரும்புவாள் என்று நான் நினைத்தேன். அவள் சீலை மேசையில் வைத்துவிட்டுப் போய் ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு உடுப்பை எடுத்து, உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, மேசை மேல் விரித்தாள். குழந்தையைப் படுக்க வைப்பது போல அதன் இரண்டு கையையும் விரித்து விட்டாள்.

"இதைப் போடப்போற ஆளு மட்டும் இங்க வந்து நிக்க முடியாதுல்லா," என்றாள். "அதையும் ஒருக்கா பாத்துக்கிடுதேன்."

கழுத்திலிருந்து ஆரம்பித்து, தோள், கை, பக்கம், கால் என்று கண் போய்க் கழுத்துக்குத் திரும்பியது. பிறகு முதலாளியிடம், ஊசி முனை ஒன்று கணக்கில் வரவில்லை, நாற்பது பெட்டியையும் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். யாருடைய பேரையும் சொல்லவில்லை. நோட்டில் மிஷின் நம்பர் இருந்தது, முதலாளியே பார்த்துக்கொண்டார்.

லாரி காலியாகத் திரும்பியது. முதலாளி யாரையும் திட்டவில்லை. தேடி முடிகிற வரைக்கும் அந்தப் பெண் இருக்கட்டும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தரணீதரனிடம் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

யூனிட் முழுவதும் உட்கார்ந்து தேடினோம். காந்தத்தை வைத்துத் தடவி, உள்ளே விரலை விட்டு நெருடி, ஒவ்வொரு உடுப்பாகப் பார்த்தோம். சித்ராதேவி யாரும் சொல்லாமலேயே பெரிய குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் முத்துப்பேச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அவள் கை வந்தது. என் டப்பா மூடியில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றிவிட்டுப் போயிற்று. கொட்ட மனசில்லாமல் சாப்பிட்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

நாலு மணி வாக்கில் தரணீதரன் சித்ராதேவியின் மிஷினைத் தூக்கிச் சாய்த்து, அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றினார். காலையிலேயே மேல்தகட்டைத் திறந்து பார்த்திருந்தார், தட்டு வரைக்கும் போகவில்லை. தட்டில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து கறுப்பாகக் கட்டியிருந்த சேற்றுக்குள் அந்த முனை இருந்தது. மேல்பாதியோடு வைத்துப் பார்த்தால் ஒட்டிப் பிறந்தது போலப் பொருந்தியது. ஒரு உடுப்பில்கூட ஊசி இல்லை.

எனக்கு நாக்கு நிற்குமா? "பாத்தியா பேச்சி, துணியில இல்லீன்னு ஆயிப்போச்சில்ல?" என்றேன்.

"இப்பப் பாத்தோம்க்கா. காலையில யாரும் பாக்கலல்லா," என்றாள்.

ஐந்து மணிக்கு முதலாளி கணக்கு முடிந்ததா என்று கேட்டபடி உள்ளே வந்தார். அன்று முழுவதும் அவர் லாரியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். சித்ராதேவியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலேதான் அனுப்பச் சொல்லியிருந்தார். முத்துப்பேச்சி ஊசி நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் மேசையில் விரித்து வைத்தாள். பிறகு சித்ராதேவியைக் கூப்பிட்டு, அந்த முனையை நீயே ஒட்டு என்றாள்.

சித்ராதேவி வந்தாள். எட்டு மணி நேரம் துணியைப் புரட்டிப் புரட்டி, பட்டனைப் பிரித்துப் பிரித்து, பத்து விரல் நுனியும் சிவந்து தோல் வழண்டிருந்தது. டேப்பின் முனையை நகத்தால் பிரிக்க முடியவில்லை. ஒரு தடவை நழுவிற்று, மறுபடியும் நழுவிற்று. முதலாளி டேப் ஒட்டுவதைப் பார்க்கத்தான் குனிந்தார். கண் டேப்பிலிருந்து விரலுக்குப் போயிற்று. விரலிலிருந்து முகத்துக்குப் போயிற்று. அங்கே நின்றது.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி," என்றாள் முத்துப்பேச்சி. "நாளைக்கு இந்தப் பிள்ளை வரட்டுமா, வேண்டாமா?"

அவர் சித்ராதேவியிடமே சொன்னார். "வாங்க. ஒரு மாசத்துக்கு மிஷின் வேண்டாம், கைமடியிலயே நில்லுங்க. இனிமேல் ஊசி முறிஞ்சா மொதல்ல என்ற கிட்டத்தான் வரோணும். நோட்டுக்கு அப்புறம் போலாம்."

சித்ராதேவி தலையை ஆட்டினாள். டேப்பை முதலாளியே பிரித்துக் கொடுத்தார்.

மூன்று பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். சித்ராதேவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் காலையிலிருந்து அவளோடு ஒரு பேச்சுக்கு மேல் பேசாத ஆள், அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அவர் கேட்டால் தந்திரம், நீ கேட்டால் மட்டும் நியாயமா என்று கேட்டேன். நான் உன் எதிரே வந்து நின்றேனே, அது மட்டும் தப்பாகப் போயிற்றா என்றும் கேட்டேன்.

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் கேட்டப்ப நான் இன்னும் பாக்க வேண்டியது பாக்கி இருந்துச்சுக்கா. அவரு எல்லாத்தையும் பாத்துட்டாரு, அவளைத்தான் பாக்கல. அவளையும் பாத்தாத்தான சுத்து முடியும். அதுக்கப்புறந்தான் கேட்டேன். வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் சரின்னுதான் இருந்திருப்பேன்."

"நீ இருந்திருப்ப. நான் இருந்திருக்க மாட்டேன்," என்றேன்.

"அது தெரியும்லா," என்று சொல்லிவிட்டு என் டிபன் பையை வாங்கிக்கொண்டாள். பையில் ஒன்றும் இல்லை, காலி டப்பாதான். இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துச் சித்ராதேவி மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகும் அவளுக்கு ஊசி முறிந்திருக்கிறது. முறிந்த நிமிசமே கையைத் தூக்கி முதலாளியைக் கூப்பிட்டுவிடுவாள். அந்தச் சத்தத்தில் யூனிட் முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

நான் இன்றைக்கும் சொல்லுகிறேன், ஊசி துணியில் இல்லை என்று நான் நினைத்தது சரிதான். முத்துப்பேச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரியாக நினைப்பது வேறு, பார்ப்பது வேறு என்று அவள் கட்சி. இரண்டு வருசமாக இதில் எங்களுக்குள் தீர்வு இல்லை. அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "யக்கா, சீல் குத்துத நேரத்துல அந்த இடத்துல வந்து நிக்காதீக. கையி ஓட மாட்டேங்கு."

நான் நிற்கத்தான் செய்கிறேன். பெட்டி அடுக்கியதும் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து போய் அவளுக்கு நேராக நின்றுகொள்வேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். பிறகு கழுத்து, தோள், கை, பக்கம், அடிமடிப்பு என்று துணி முழுவதும் போய், நிமிர்ந்து ஆட்களையெல்லாம் பார்த்து, கடைசியில் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சீலைக் குத்துகிறாள். நான் நிற்காத அன்றைக்கு, எங்கே போய்த் தொலைந்தேன் என்று கண்ணை நாலு பக்கமும் விட்டுத் தேடுகிறாள் என்று சித்ராதேவி வந்து சொன்னாள்.